சேலத்தில் பழைய கேசட்டைச் சரிசெய்து எம்பி3 ஆக்கித் தருபவர் இருக்கிறார்களா?

வணக்கம். போன பொங்கலுக்குப் பரணை ஒழித்தபோது அப்பாவின் கேசட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடைத்தன. இந்த ஒரு வருடமாக நான் கேட்டு மகிழ்ந்த பாட்டெல்லாம் அதில் வந்ததுதான். 1986-இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’ ஆகிய இரண்டு இசை ஆல்பங்களையும் இப்போதுதான் முழுதாகக் கேட்டேன். ஏற்காட்டுப் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் அந்தப் புல்லாங்குழலைத் திரும்பத் திரும்பக் கேட்பேன்.

சரி, அவை போனிலேயே கிடைக்கின்றன. கவலை வேறொரு கேசட்டைப் பற்றி. மேலே ‘அம்மா பாடியது’ என்று அப்பா கையெழுத்து. ஏற்காட்டு மலையில் சேர்வராயன் கோவில் மே மாதத் திருவிழாவுக்குப் பாட்டி பாடும் பாட்டு. பின்னால் சேவல் கூவுகிறது, நடுவில் பாட்டி இருமிவிட்டு விட்ட இடத்திலிருந்தே பிடிக்கிறார். இரண்டு பாட்டு ஓடியது, அப்புறம் டேப் சிக்கிக்கொண்டது. பென்சில் விட்டு மெதுவாகச் சுற்றி எடுத்தேன். உள்ளே டேப்பை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு கழன்று கிடக்கிறது, ஒரு இடத்தில் டேப் கசங்கியிருக்கிறது. இனி ஓட்டிப் பார்க்கப் பயம்.

அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கைபழகிய பழைய மெக்கானிக் யாரையாவது தெரியுமா? ஈரோடு, நாமக்கல் என்றாலும் வருகிறேன். கேசட்டை விட்டுவிட்டுப் போக மனமில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க விட வேண்டும். மலைக் கிராமத்துப் பெரியவர்கள் யாருக்காவது சேர்வராயன் பாட்டு தெரிந்தாலும் சொல்லுங்கள், மீதி வரிகளையாவது எழுதி வைத்துக்கொள்கிறேன்.