ஆய்க்குடி அமர் சேவா சங்கம்: நாங்கள் பார்த்ததும் பழகியதும்

செங்கோட்டைவாசி:

தென்காசிப் பக்கத்தில் ஆய்க்குடி என்றதும் எல்லாருக்கும் பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலும் படிப்பாயசமும்தான் நினைவுக்கு வரும். எங்கள் குடும்பத்துக்கு அது மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இருக்கும் ஊர். அத்தான் தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு அப்படி ஆகிவிட்டது.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவரை வீட்டில் எப்படி வைத்துப் பார்ப்பது என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லித் தரவில்லை. மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதே அக்காவுக்குத் தெரியாது. படுக்கைப்புண் எலும்பு தெரிகிற அளவுக்குப் போனது. மூத்திரக் குழாயால் காய்ச்சல் மேல் காய்ச்சல். அத்தான் சுவரைப் பார்த்தே படுத்திருப்பார்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு ஆய்க்குடியில் தனிப் பிரிவு இருக்கிறது என்று ஒருவர் சொல்லி அங்கே போனோம். முதலில் புண்ணைப் பார்த்தார்கள். அப்புறம் இரண்டு பேருக்கும் பயிற்சி. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது, உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குவது, குழாயை நேரத்துக்குத் தானே போட்டு எடுப்பது, கண்ணாடி வைத்துப் பின்பக்கத் தோலைத் தினமும் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் தானே சக்கர நாற்காலியில் இருப்பவர். டாக்டர் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளாத அத்தான், அவர் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார்.

அந்த இடம் தொடங்கிய விதமே அதுதான். சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் ஆய்க்குடிக்காரர். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது, 1975-ல், கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் போனார். உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அவருக்குச் சிகிச்சையோடு தைரியத்தையும் கொடுத்தவர் விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். சங்கத்தின் பெயரில் இருக்கும் அமர் அந்த டாக்டர்தான். ஐ.நா. சபை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981-ல், ஓலைக் கொட்டகையில் ஒரு சில பிள்ளைகளோடு பள்ளிக்கூடமாகச் சங்கம் தொடங்கியது. பிறகு சென்னையில் ஆடிட்டராக இருந்த எஸ். சங்கர ராமன் வந்து சேர்ந்தார். தசைச்சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர்.

இப்படி இரண்டு பேர் முன்னால் நின்று வளர்த்த நிறுவனம் என்பதை அங்கே போனால் கண்ணால் பார்க்கலாம். சாய்தளமும் கதவின் அகலமும் கழிப்பறையும், அவற்றைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் யோசித்துச் செய்தவை. சட்டத்தில் இருக்கிறதே என்று வைத்த சாய்தளங்களை நம் ஊர் ஆபீஸ்களில் நிறையப் பார்த்திருக்கிறோம். ஏறினால் பின்னால் கவிழ்த்துவிடும்! 2020-ல் ராமகிருஷ்ணன் சாருக்குப் பத்மஸ்ரீ என்று டிவியில் வந்தபோது, எங்கள் வீட்டுக்கே கொடுத்த மாதிரி அக்கா அழுதுவிட்டாள்.

அத்தான் இப்போது வீட்டு முன்னறையில் கடை வைத்திருக்கிறார்.

பாவூர்சத்திரம் அம்மா:

எனக்கு அவ்வளவு வரலாறு தெரியாது. என் மகனைப் பற்றிச் சொல்கிறேன். பிறந்ததும் அழவில்லை. மாதங்கள் போயும் கழுத்து நிற்கவில்லை. சில பிள்ளைகளுக்கு லேட்டாகத்தான் வரும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசியில் மூளை முடக்குவாதம் என்று தெரிந்தது.

நான் பீடி சுற்றுகிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் பயிற்சிக்குப் போனால் அன்றைக்குக் கூலி கிடையாது. எத்தனை நாள் அப்படிப் போக முடியும்? எங்கள் பக்கத்துத் தாய்மார் பாதியில் விட்டுவிடுவது பாசம் இல்லாமல் அல்ல.

சங்கத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கே வந்தாள். அவளும் பக்கத்து ஊர்தான். போனில் ஒரு ஆப் வைத்திருந்தாள். பிள்ளை என்ன செய்கிறான், எதைச் செய்ய முடியவில்லை என்று கேள்வி கேள்வியாகக் கேட்டுப் பதிந்துகொண்டாள். தெரபிஸ்ட் அதைப் பார்த்துத்தான் பயிற்சி சொல்வார்களாம். பாயில் குப்புறப் போட்டு, நெஞ்சுக்கு அடியில் சேலையைச் சுருட்டி வைத்து, கிலுகிலுப்பையை ஆட்டித் தலையைத் தூக்க வைப்போம். ஒரு பக்கம் பீடி, ஒரு பக்கம் இது. மாமியாரையும் உட்கார வைத்துப் பழக்கிவிட்டாள். வரும்போதெல்லாம், “அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா, ராத்திரி தூங்குனீங்களா?” என்று கேட்பாள். அதுவரை எல்லாரும் என் மகனைத்தான் விசாரித்தார்கள்.

இன்னும் நடக்கவில்லை. ஆனால் அவனுக்கென்று செய்த நாற்காலியில் நேராக உட்கார்ந்து, தானே தோசையைப் பிய்த்துத் தின்கிறான். பள்ளிக்கூடம் போகிறான். டீச்சர் பெயரைச் சொல்லிக் காட்டுகிறான்.

பழைய மாணவன்:

நான் போலியோ காலத்து ஆள். அப்போது எங்கு பார்த்தாலும் காலைத் தாங்கிப் பிடிக்கிற காலிப்பர் போட்ட பிள்ளைகள். இரண்டு பக்கமும் கம்பி, தோல் வார், முட்டியில் ஒரு பூட்டு. நடக்கப் பூட்ட வேண்டும், உட்காரத் திறக்க வேண்டும். பிள்ளை வளர வளர அளவு மாற்றிப் புதிதாகச் செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அளவு பத்தாத காலிப்பர் தொடையை அறுத்துவிடும். வலிக்குப் பயந்து கழற்றி மூலையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஆய்க்குடியில் காலிப்பர் செய்கிற பட்டறையும் அங்கேயே இருந்ததால் எனக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. செய்து கொடுத்த அண்ணனும் என்னைப் போலவே காலிப்பர் போட்டவர். வார் எந்த இடத்தில் உரசும் என்று நான் சொல்லுமுன்பே அவருக்குத் தெரியும்.

2011-க்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் பரவவில்லை. 2014-ல் போலியோ ஒழிந்தது என்று சான்றிதழும் கிடைத்தது. இப்போது அங்கே போனால் மூளை முடக்குவாதம், ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம் என்று வேறு பிள்ளைகள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஊனம் ஏழு வகை, 2016 சட்டத்தில் 21 வகை. பல அமைப்புகள் ஒரே வேலையோடு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் பிள்ளைகளின் தேவை மாற மாறத் தாங்களும் மாறினார்கள். எனக்கு அதில்தான் பெரிய மரியாதை.

கடையநல்லூர் அக்கா:

தம்பி மகனுக்கு தசைச்சிதைவு என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

செங்கோட்டைவாசி:

அக்கா, முதலில் தென்காசியில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். தசைச்சிதைவுக்கு அரசின் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. 2023-ல் அதை மாதம் 2,000 ரூபாய் ஆக்கினார்கள். ஆனால் அட்டை வரட்டும் என்று காத்திருக்காமல் பையனை ஆய்க்குடிக்குக் கூட்டிப் போங்கள். தசையையும் மூட்டையும் இறுகவிடாமல் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே செய்கிற பயிற்சிகள் இருக்கின்றன. அவன் அம்மாவையும் கூடவே அழைத்துப் போங்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லித் தருவார்கள்.