மருந்து போட்ட பிறகும் வெண்புள்ளி கூடிக்கொண்டே போகிறது, மருந்தை மாற்றலாமா?

நீலத்தொட்டி:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 90 செ.மீ. நீளம், 35 அகலம், 40 உயரம் உள்ள நன்னீர் மீன் தொட்டி. கிளவுன் லோச், கோரிடோராஸ், நியான் டெட்ரா ஆகிய மீன்களும் சில நத்தைகளும் இருக்கின்றன. உயிர்ச்செடிகளும் உண்டு. வெப்பநிலை 25 டிகிரி. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம்.

புதிதாக விட்ட நியான்களில் ஒன்றின் வாலில் உப்புத்தூள் ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அப்புறம் லோச்சுகளுக்கும் வந்துவிட்டது. கல்லிலும் மரத்திலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டு ஓடுகின்றன. மாலகைட் கிரீனும் ஃபார்மலினும் கலந்த மருந்தை, லோச் இருப்பதால் பாதி அளவில் போட்டேன். மறுநாள் பார்த்தால் புள்ளிகள் குறையவில்லை, கூடியிருக்கின்றன. பெரிய லோச் மூலையில் படுத்து வேகமாக மூச்சு வாங்குகிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை. மருந்து வேலை செய்யவில்லையா? வேறு மருந்துக்கு மாறட்டுமா? இல்லை, முழு அளவு போடட்டுமா?

பாசிக்கல்:
மாற்றாதீர்கள், அளவையும் கூட்டாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது இக் எனப்படும் வெண்புள்ளி நோய்தான். மருந்து போட்ட மறுநாள் புள்ளி கூடுவது இதில் வழக்கமாக நடப்பதுதான். பலர் இந்த இடத்தில் பயந்துபோய் மருந்துக்கு மேல் மருந்து ஊற்றுகிறார்கள். அதில்தான் நிறைய மீன்கள் சாகின்றன.

காரணம் இது. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றும் மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று வளரும் ஓர் ஒட்டுண்ணி. அதன் மேல் மீனின் தோலே மூடியாக இருக்கிறது. தண்ணீரில் உள்ள மருந்து அதைத் தொடாது. வளர்ந்து முடிந்ததும் அது தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, மணலிலோ செடியிலோ கண்ணாடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்கிறது. அந்த உறைக்குள்ளும் மருந்து போகாது. உள்ளே ஒன்று பலவாகப் பிரிகிறது. நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரம் வரைகூட. உறை உடைந்து அந்தக் குட்டிகள் மீனைத் தேடி நீந்தி வரும் நேரம்தான் மருந்து அவற்றைக் கொல்லும் நேரம். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நாளைக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை தாமாகவே செத்துவிடும்.

இன்று உங்களுக்குத் தெரிகிற புள்ளிகள், மருந்து போடும் முன்பே தோலுக்குள் நுழைந்தவை. அப்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தன, இப்போது வளர்ந்து தெரிகின்றன. அதனால் மீன்மேல் உள்ள புள்ளியை எண்ணி மருந்தை எடைபோட வேண்டாம். முதல் சில நாள் அந்தக் கணக்கு ஏமாற்றும். புள்ளிகள் கூடினாலும் ஏமாற்றும், திடீரென்று எல்லாம் மறைந்தாலும் ஏமாற்றும். மறைந்தது என்றால் உதிர்ந்து தரையில் பிரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது செய்ய வேண்டியது: ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். ஸ்பான்ஜ், செராமிக் வளையங்கள் அப்படியே இருக்கட்டும். ஏர் ஸ்டோன் உடனே போடுங்கள். ஃபார்மலின் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைக் குறைக்கும், நோய் செவுளையும் தாக்கியிருக்கும். உங்கள் லோச் மூச்சு வாங்குவதற்கு இரண்டுமே காரணமாக இருக்கலாம். விளக்கை அணைத்தே வையுங்கள், மாலகைட் கிரீன் வெளிச்சத்தில் சிதையும். மருந்தைக் கையாளும்போது கையுறை கட்டாயம். உணவுக்கு வளர்க்கும் மீன்களில் மாலகைட் கிரீனைப் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டு மருந்து ஊற்றினீர்கள்?

நீலத்தொட்டி:
மிக்க நன்றி, இப்போதுதான் கொஞ்சம் தெளிவாகிறது. கார்பன் பையை எடுத்துவிட்டேன், ஏர் ஸ்டோனும் போட்டாயிற்று. 126 லிட்டர் என்று கணக்கிட்டு அதில் பாதி அளவு ஊற்றினேன்.

பாசிக்கல்:
126 என்பது காலித் தொட்டியின் கணக்கு. மேலே ஐந்து செ.மீ. விட்டு நிரப்பினாலே 110 லிட்டர்தான் வரும். மணல், மரம், கல் எடுத்துக்கொள்ளும் இடத்தையும் கழித்தால் ஏறத்தாழ 100. அடுத்த முறை அந்த 100-க்குப் பாதி அளவு போடுங்கள். செதில் மிகச் சிறிதாக உள்ள லோச்சுக்கும், டெட்ராவுக்கும் இந்தச் சின்ன வித்தியாசம்கூடப் பெரிசு.

ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். அப்போது சைஃபன் குழாயை மணலுக்குள் நன்றாக விட்டு உறிஞ்சுங்கள். உறை கட்டிய ஒட்டுண்ணிகள் கிடப்பது அங்கேதான். மருந்து தொட முடியாத ஒன்றை நம் கையாலேயே வெளியே எடுக்கும் வழி இது. மருந்துக்கு இணையாக இதை மதிக்கிறேன்.

வால்துடுப்பு:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எதற்கு இவ்வளவு மருந்து? ஹீட்டரை 30-க்கு ஏற்றிப் பத்து நாள் விட்டால் போதும். அந்த வெப்பத்தில் பெரும்பாலும் இந்த ஒட்டுண்ணியால் பெருக முடியாது. செடிக்கும் நத்தைக்கும் பாதுகாப்பு.

பாசிக்கல்:
லோச் மட்டும் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன், அவை 30-ஐத் தாங்கும். இங்கே கோரிடோராஸ் இருக்கிறது. அதற்கு 30-இல் பல நாள் என்பது பெரிய கஷ்டம். மேலும் தொட்டியில் இப்போது ஃபார்மலின் இருக்கிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 30-இல் ஏழரைக்கு இறங்கிவிடும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் மீனுக்கு மருந்தும் சூடும் ஒன்றாகச் சேர்ந்தால் தாங்காது. வெப்பத்தைத் தாங்கும் இக் வகைகளும் உண்டு, அதனால் சூடு மட்டும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது.

நடுவழியாக 28 வரை ஏற்றலாம். சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று மெதுவாக. அங்கே ஒட்டுண்ணி சாகாது, ஆனால் அதன் சுழற்சி வேகமாகும். 25 டிகிரியில் ஒரு வாரம் வரை இழுக்கும் சுழற்சி சில நாளில் முடியும். மருந்து தாக்கக்கூடிய நிலைக்குச் சீக்கிரம் வந்து சேரும். குளிர்ந்த தண்ணீரில் இதே சுழற்சி ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கும். ஹீட்டர் இல்லாத தொட்டிகளில் நோய் திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்ற இது ஒரு முக்கியக் காரணம்.

வால்துடுப்பு:
ஃபார்மலின் ஏற்கெனவே உள்ளே இருப்பதை நான் யோசிக்கவில்லை, நீங்கள் சொல்வது சரி. கூடவே கல் உப்பும் சேர்க்கலாமா?

பாசிக்கல்:
இந்தத் தொட்டியில் வேண்டாம். மோலி, கப்பி, பொன்மீன் என்றால் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை தாராளமாகப் போகலாம். லோச்சும் கோரிடோராஸும் அந்த அளவைச் சிரமப்பட்டே தாங்கும், சில செடிகளும் கருகும். மருந்தா உப்பா, ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது. உப்பு வழியில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தண்ணீர் ஆவியாகும்போது உப்பு போகாது. குறைந்த தண்ணீரை நிரப்பும்போது மறுபடி உப்பு போடக்கூடாது. நாமே எடுத்து மாற்றும் தண்ணீருக்கு மட்டும் போட வேண்டும்.

சிறுகுமிழ்:
இடையில் வருவதற்கு மன்னியுங்கள். என் பொன்மீனுக்கும் வெள்ளைப் புள்ளி. ஆனால் செவுள்மூடியிலும் முன்துடுப்பின் ஓரத்திலும் மட்டும்தான் வரிசையாக இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது, எங்கும் தேய்ப்பதில்லை. நானும் மருந்து ஆரம்பிக்கவா?

பாசிக்கல்:
தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். அது இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பொன்மீனுக்கு வரும் முட்கள் போன்ற புடைப்பு, நோயே இல்லை. நல்ல வேளை, கேட்டீர்கள்.

பொதுவாகவும் மருந்துக்கு முன் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். தனித்தனியாக உப்புக்கல் அளவில் இருந்தால் இக். மிக நுண்ணிய பொன்தூள் பூசியது போல மின்னினால் அது வெல்வெட் நோய். புள்ளிகள் சமமற்ற அளவில், பஞ்சு போலப் புடைத்து, கண்ணின் மேலும் இருந்தால் எபிஸ்டைலிஸ் என்ற வேறொரு நுண்ணுயிராக இருக்கலாம். அதற்குச் சூட்டை ஏற்றினால் புண்ணில் பாக்டீரியா பெருகி நிலைமை மோசமாகும். நுண்ணோக்கி கிடைத்தால் சந்தேகமே இல்லை: இக் ஒட்டுண்ணியின் உள்ளே குதிரை லாடம் போல வளைந்த கரு தெரியும்.

நீலத்தொட்டி:
28-க்கு ஏற்றிவிட்டேன். தண்ணீர் மாற்றி, மணலை உறிஞ்சி, 100 லிட்டர் கணக்கில் அடுத்த தவணையும் கொடுத்தேன். பெரிய லோச் மூலையைவிட்டு வெளியே வந்து உணவு எடுக்கிறது. டெட்ராக்களில் புள்ளிகள் மறைய ஆரம்பித்திருக்கின்றன. ஒரு நியான் மட்டும் போய்விட்டது. இனி எப்போது நிறுத்துவது?

பாசிக்கல்:
அந்த நியானுக்கு வருத்தம். லோச் சாப்பிடுவது நல்ல சேதி.

கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து இன்னும் ஒரு வாரமாவது, புட்டியில் சொன்ன இடைவெளியில் தொடருங்கள். அதற்கிடையே புதுப் புள்ளி ஒன்று வந்தாலும் அந்த வாரத்தை முதலிலிருந்து எண்ணுங்கள். செவுளுக்குள் இருப்பது வெளியே தெரியாது. முடிந்ததும் பாதித் தண்ணீரை மாற்றி, கார்பனைத் திரும்பப் போட்டால் மீதி மருந்தை இழுத்துவிடும். நைட்ரைட்டை அந்த வாரம் அடிக்கடி சோதியுங்கள், மருந்து ஃபில்டரின் நல்ல பாக்டீரியாவையும் கொஞ்சம் பாதிக்கும். வலை, வாளி, சைஃபன் எல்லாவற்றையும் வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். காய்ந்தால் உறைகள் பிழைக்காது.

அடுத்து மீன் வாங்கும்போது தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். செடி மட்டும் வந்தால், மீன் இல்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு வாரம் கிடந்தால் போதும்.

நீலத்தொட்டி:
குறித்துக்கொண்டேன். நத்தைகளும் நன்றாக ஊர்கின்றன. புதுப் புள்ளி ஏதும் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.