நஸ்பாமுக்கு நீதிமன்றத்தில் என்ன வேலை?

உப்புவெளியான்:
அமெரிக்க மெய்யியலாளர் மார்த்தா நஸ்பாம் கிரேக்க நாடகங்களையும் அரிஸ்டாட்டிலையும் பற்றி எழுதினதுக்கு ஈடே இல்லை. 1995இல சிகாகோவுக்குப் போய், சட்டபீடத்திலயும் படிப்பிக்கத் தொடங்கினா. பிறகு மனிசருக்கு வேண்டிய இயலுமைகள், அதாவது ஒரு ஆள் உண்மையிலேயே செய்யவும் இருக்கவும் ஏலுமானவை, பத்து எண்டு ஒரு பட்டியல். அமெரிக்காவில இருந்துகொண்டு எல்லாருக்குமாப் பட்டியல் போடலாமா? ஹெல்சிங்கியில அவவோட ஒண்டா வேலை செய்த பொருளியலாளர் அமர்த்தியா சென்னே, மாறாத பட்டியல் வேண்டாம் எண்டவர். எனக்கு இது ஒரு நல்ல மெய்யியலாளரின்ட இழப்பு.

வெருகல்காரி:
அண்ணா, அந்தப் பட்டியலின்ட பத்தாவதை வாசிச்சுப் பாருங்க. மற்றவைக்குச் சமமாச் சொத்து வைச்சிருக்கிற உரிமையும் அதுக்குள்ளதான் வருது.

அம்மப்பாவுக்கு அல்லைக் குடியேற்றத் திட்டத்தில அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த பேமிட் வயல் எங்கட. தனக்குப் பிறகு காணி ஆருக்கு எண்டு பின்னுரித்தாளர் பேர் போடாமலே மோசம் போயிட்டார். அம்மம்மா அதுக்கு முதலே இல்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்ட வாரிசு அட்டவணையில அப்ப மகன்தான் முன்னுக்கு. அம்மாதான் மூத்தவ, களை பிடுங்கினதும் அவ, அம்மப்பாவைக் கடைசிவரை பாத்ததும் அவ. காணி மாமாவுக்குப் போச்சு. அம்மா ஒரு சொல் கேக்கேல்லை. "ஆம்பிளைப் பிள்ளைக்குத்தானே" எண்டா.

நஸ்பாம் பிடிக்கிற இடம் இதுதான். இல்லாமையிலேயே பழகின மனம் தனக்கு வேணுமெண்டு கேக்காது. அதால ஆக்களைத் திருப்தியா எண்டு கேட்டு மட்டும் நீதியை அளக்கேலாது. இந்தியாவில அகமதாபாத்தில, சுயதொழில் செய்யிற பெண்களின்ட சேவா சங்கத்துப் பெண்களோட இருந்து கதைச்சுத்தான் அவ இதை எழுதினவ. கதிரையில இருந்து எழுதினதில்லை.

உப்புவெளியான்:
அம்மாவை நினைக்கக் கவலையா இருக்கு, தங்கச்சி. ஆனா 2022இல அந்த ஆண்–பெண் வித்தியாசத்தை எடுத்தது பாராளுமன்றம், மெய்யியல் இல்லை. 1993இல அமெரிக்காவில கொலராடோ மாநில வழக்கில நஸ்பாம் சாட்சி சொன்னா. ஒருபாலுறவினருக்குப் பாதுகாப்புச் சட்டம் வரவிடாமல் மறிச்ச மாநில அரசியலமைப்புத் திருத்தத்துக்கு எதிரான வழக்கு. அங்க பிளேட்டோ ஒருபாலுறவைக் கண்டிச்சவரா எண்டு பாக்க, அவரின்ட ஒரு கிரேக்கச் சொல்லுக்கு என்ன அர்த்தம் எண்டு மற்றப் பக்கத்துச் சட்ட மெய்யியலாளர் ஜோன் ஃபின்னிசோட பிடுங்குப்பாடு. வகுப்பில ஒரு மாதம் அலச வேண்டியதைச் சாட்சிக்கூட்டில அரை நாளில முடிக்கலாமா?

கோட்டடிச் சட்டத்தரணி:
1996இல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூண்டெண்டு அந்தத் திருத்தத்தைத் தள்ளினது. தீர்ப்பு பிளேட்டோவில நிக்கேல்லை, சமமான சட்டப் பாதுகாப்பிலதான் நிண்டது. அதில உப்புவெளியானோட நான் ஒத்துப்போறன். ஆனா சொல்லுக்கு அர்த்தம் பாக்கிறதைச் சின்ன வேலையா நினைக்காதீங்க. உறுதியில ஒரு சொல் பிழைச்சுக் காணி போன ஆக்களை நான் கண்டிருக்கிறன்.

வெருகல்காரி:
பாராளுமன்றம் மாத்தினது சரிதான் அண்ணா. அது பிழை எண்டு முதல் ஆரோ சொல்ல வேணுமே. நேத்து அம்மாவுக்கு அந்தப் பத்தாவதை வாசிச்சுக் காட்டினன். கன நேரம் பேசாமல் இருந்திட்டு, "மேட்டுத் துண்டையாவது நான் கேட்டிருக்கலாம் என்ன?" எண்டா.