'லீவ் இட் டு ஜேன்' ஏன் பிரின்சஸ் அரங்கில் ஏறவில்லை?

கேள்வி:
ஜெரோம் கெர்ன் இசையமைத்த, கல்லூரியில் நடக்கும் கதை கொண்ட 'லீவ் இட் டு ஜேன்' என்ற 1917 இசை நாடகத்தின் பாடல்களை ஒரு மாதமாகக் கேட்கிறேன். இரவில் பாத்திரம் துலக்கும்போதும் 'தி சைரன்ஸ் சாங்' ஓடுகிறது; கை நின்றுவிடுகிறது. கெர்ன், கதையெழுதிய கை பால்டன், பாடல் எழுதிய பி. ஜி. வுட்ஹவுஸ் மூவரும் சேர்ந்தால் வழக்கமாக நியூயார்க்கின் பிரின்சஸ் அரங்குதானே? இது மட்டும் ஏன் லாங்கேக்கர் அரங்குக்குப் போனது?

பதில் 1:
இடமில்லை, அவ்வளவுதான். அதே மூவரின் 'ஓ, பாய்!' அப்போதும் பிரின்சஸில் ஓடிக்கொண்டிருந்தது. 299 இருக்கைகளே இருந்த அரங்கு அது.

பதில் 2:
கதையின் வேர் ஜார்ஜ் ஏட் எழுதிய 1904 நாடகம். ஆட்வாட்டர் கல்லூரித் தலைவரின் மகள் ஜேன், போட்டிக் கல்லூரியான பிங்கமுக்குப் போகவிருந்த அமெரிக்கக் கால்பந்து வீரன் பில்லியை மயக்கி, வேறு பெயரில் தன் கல்லூரிக்கே ஆடவைக்கிறாள். ஆனால் என் மனத்தை அள்ளியவள் விடுதிக்காரியின் மகள் ஃப்ளோரா. அவள் பாடும் 'கிளியோபாட்டரர்' பாட்டில், எகிப்து ராணி கிளியோபாட்ராவின் பெயரையே வளைத்திருக்கிறார் வுட்ஹவுஸ். அந்த ஒரு வளைவில் ஃப்ளோராவின் பேச்சும் நடையும் கண்முன் வந்துவிடுகின்றன.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்றிரவு ஃப்ளோராவின் பாட்டைத்தான் முதலில் கேட்கப்போகிறேன். 1917-இல் 167 காட்சிகள். 1959-இல் ஒரு சிறிய அரங்கில் மீண்டும் போட்டபோது 928! கெர்ன் அதைப் பார்க்க உயிரோடு இல்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.