புதுப்பிப்பு: நாய்க்கு உலர் உணவா, டின் உணவா? முடிவெடுத்தாச்சு

எங்கள் நாய்க்கு உலர் உணவு வாங்குவதா, டின் உணவு வாங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். புரதம் உலர் உணவில் 26 சதவீதம், டின்னில் வெறும் 10 என்று போட்டிருந்ததுதான் குழப்பம்.

ஈரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். சரி என்று கணக்குப் போட்டேன். டின்னில் 78 சதவீதம் தண்ணீர். மீதி 22-இல் 10 புரதம் என்றால் கிட்டத்தட்ட 45 சதவீதம்! உலர் உணவில் ஈரம் 10 சதவீதம்தான், அதே கணக்கில் 29 வருகிறது. வளர்ந்த நாய்க்கு விலங்கு உணவுக்கான அளவுகளை வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பு இதே ஈரம் கழித்த கணக்கில் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 18 சதவீதம். ஆக, இரண்டுமே தாராளம். பொருள் பட்டியலில் கோழி முதலில் இருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். அது எடை வரிசை, பச்சை இறைச்சியில் பெரும்பகுதி தண்ணீர்.

கடைசியில் உலர் உணவையே எடுத்தோம். 'வளர்ந்த நாய்களுக்கு முழுமையான, சமச்சீர் உணவு' என்ற வரி அதில்தான் இருந்தது. டின்னிலோ பொடி எழுத்தில் 'துணை உணவு'. அதை மட்டுமே தினமும் போட முடியாது.

அப்புறம், பழைய உணவோடு புதியதைக் கால் பங்கு கலந்து தொடங்கி, ஒரு வாரத்துக்குள் முழுதாக மாற்றச் சொன்னார் மருத்துவர். நம்மாள் பழைய உருண்டைகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, புதியதைத் தரையில் துப்பினான். கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்ததும் மணம் கிளம்பியது, தட்டு காலி. வயிற்றுக்கும் தொந்தரவில்லை. பிஸ்கட் மட்டும் நாளின் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம். அதை வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.