கண்ணாடி அடுப்பில் பீர் காய்ச்ச எந்தப் பாத்திரம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்

ஹாப்ஸ்கொடி:
முதலில் ஒரு விளக்கம். நம்மூரில் கிளாஸ் டாப் என்றால் மேலே கண்ணாடி பதித்த கேஸ் அடுப்பு. இங்கே பேசப்போவது அமெரிக்க, கனடா வீடுகளில் இருக்கும் மின் அடுப்பு: வழவழப்பான கறுப்புக் கண்ணாடி, அதற்கடியில் சிவந்து எரியும் கம்பிச்சுருள். பீர் காய்ச்சத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கேலனுக்கு வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் அடுப்பு வளையத்தின் குறுக்களவை எடுங்கள். பாத்திரத்தின் அடி வளையத்தைத் தாண்டி எந்தப் பக்கமும் ஒரு அங்குலத்துக்கு மேல் நீளக்கூடாது என்றுதான் பல அடுப்புக் கையேடுகள் சொல்கின்றன. பல வீடுகளில் பெரிய வளையமே 9 அங்குலம், அதாவது 23 செ.மீ. தான். அப்படியென்றால் 28 செ.மீ. அகலப் பாத்திரம்தான் எல்லை. 20 லிட்டர் வேண்டுமென்றால் உயரம் 32, 33 செ.மீ. இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 20 லிட்டர் பாத்திரங்களில் பல 30 செ.மீ.க்கு மேல் அகலமானவை. அதனால் குட்டையாக அகன்றதை விட்டுவிட்டு, உயரமாகக் குறுகியதைத் தேடுங்கள். அடுப்புக்கு மேலே மைக்ரோவேவ் இருந்தால் அந்த இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். உள்ளே கரண்டி விட்டுக் கிண்ட இடம் வேண்டும்.

அடிதட்டை:
அகலத்தைவிட அடியின் தட்டைத்தன்மை முக்கியம். பாத்திரத்தைக் கவிழ்த்து, இரும்பு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை, சூடேறினால் அடி சற்று விரிந்து சமமாகிவிடும். ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டு ஓரங்களில் ஆடினால் வாங்காதீர்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த அண்டா, தவலை எல்லாம் இதற்கு ஆகாது. அடி உருண்டை, கண்ணாடியில் உட்காரும் இடம் உள்ளங்கையளவுதான். ஊறுகாய் பாட்டில் பதப்படுத்தும் எனாமல் பானைக்கும் இதே குறை, அடியில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அடி ஒட்டாத இடத்தில் சூடு பாத்திரத்துக்குள் போகாமல் கண்ணாடிக்கும் சுருளுக்கும் நடுவே தங்கிவிடும். கண்ணாடி அளவு மீறிச் சூடாகாமல் காக்க உள்ளே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது, அது சுருளை அணைத்து அணைத்து எரியவிடும். விளைவு: முழு வேகத்தில் வைத்தும் கொதி வரும், அடங்கும், மறுபடி வரும். பலர் அடுப்பில் பழுது என்று நினைப்பது இதைத்தான். எனாமல் பானை வற்றிக் காய்ந்தால் பூச்சு உருகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

வாங்க வேண்டியது, அடியில் அலுமினியத் தட்டை நடுவில் வைத்து அழுத்திய கனமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மெல்லிய ஸ்டீலில் சூடு பரவாது, மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியமான மால்ட்டிலிருந்து எடுத்த சர்க்கரைச் சாறு) அடிபிடிக்கும். கனமான அலுமினியப் பாத்திரம் சூட்டை நன்றாகப் பரப்பும், விலையும் குறைவு. ஆனால் கண்ணாடியில் சாம்பல்நிறக் கோடு விழும், காரத்தன்மையுள்ள கிளீனர் பொடி போட்டுக் கழுவக்கூடாது, நாளை இண்டக்‌ஷனுக்கு மாறினால் பயன்படாது. காந்தம் ஒட்டுகிற அடியாகப் பார்த்து வாங்கினால் அந்தக் கவலை இல்லை.

பாகுபதம்:
அடுப்பைக் கெடுப்பது பெரும்பாலும் பாத்திரமல்ல, பொங்கி வழிகிற வோர்ட், அதாவது பீராக நொதிப்பதற்கு முன் காய்ச்சுகிற மால்ட் நீர். அது சர்க்கரைக் கரைசல். சூடான கண்ணாடியில் விழுந்ததும் தண்ணீர் ஆவியாகி, பாகு முற்றிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். அப்படியே ஆறவிட்டால், அது இறுகிச் சுருங்கும்போது கண்ணாடியின் மேல்தோலைச் சில்லுச்சில்லாகப் பெயர்த்து எடுத்துவிடும். விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் குழி குழியாகத் தட்டும். அதற்கு மருந்து கிடையாது, கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான்.

ஆகவே வழிந்தால் உடனே அணையுங்கள். இருவர் சேர்ந்து பாத்திரத்தைத் தூக்கி நகர்த்துங்கள், இழுக்காதீர்கள். சூடு இருக்கும்போதே, கையில் அடுப்புக் கையுறையோடு, பிளேடு பொருத்திய சுரண்டியைச் சாய்த்துப் பிடித்து, பாகை வளையத்துக்கு வெளியே தள்ளுங்கள். மிச்சத்தை ஆறிய பிறகு கிளீனிங் கிரீம் போட்டுத் துடைக்கலாம்.

கேஸ் போல இது திருகியதும் அடங்காது, கண்ணாடியில் தேங்கிய சூடு தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். பால் பொங்கும்போது ஓடிவந்து அணைக்கிற பழக்கம் இங்கே எடுபடாது. தெர்மாமீட்டர் 95 டிகிரி செல்சியஸ் காட்டும்போதே வேகத்தைக் குறையுங்கள். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும், நுரை எழும்பினால் மேலே அடித்தால் அமுங்கும். ஹாப்ஸை (கசப்புக்காகச் சேர்க்கும் பூ) ஒரே கொட்டாகக் கொட்டாதீர்கள்.

ஹாப்ஸ்கொடி:
இதனால்தான் மூன்றில் ஒரு பங்காவது காலி இடம் வேண்டும் என்பது. 28 செ.மீ. பாத்திரத்தில் 12 லிட்டர் ஊற்றினால் சுமார் 19.5 செ.மீ. ஆழம், நுரைக்கு 13 செ.மீ. மிச்சம்.

அரைக்கொதி:
5 கேலன் (19 லிட்டர்) பீருக்கு முழுக்கொதி போட, அதாவது மொத்த நீரையும் ஒன்றாகக் கொதிக்கவைக்க, 25 லிட்டர் வைக்க வேண்டும். பாத்திரத்தோடு எடை 30 கிலோவைத் தொடும். உங்கள் அடுப்பு எவ்வளவு தாங்கும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். எடை ஒருபுறம் இருக்கட்டும், நேரக் கணக்கே ஒத்துவராது. 2500 வாட் வளையத்திலிருந்து 1700 வாட் அளவு தண்ணீருக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால், 15 டிகிரிக் குழாய்த் தண்ணீர் 12 லிட்டர் கொதிக்க 42 நிமிடம். 25 லிட்டருக்கு ஒன்றரை மணி நேரம். கொதி வந்த பிறகும் துள்ளலாக நிற்காது.

கண்ணாடி அடுப்பில் அரைக்கொதிதான் சரி என்பது என் உறுதியான கருத்து. 12 லிட்டரில் காய்ச்சி, ஆறவைத்து, ஃபெர்மென்டரில் (நொதிக்கவைக்கும் கலன்) ஊற்றி, தனியாகக் காய்ச்சி ஆறிய தண்ணீர் சேர்த்து 19 லிட்டராக்குங்கள். வோர்ட் அடர்த்தியாக இருந்தால் ஹாப்ஸின் கசப்பு குறைவாகவே இறங்கும், நிறமும் கறுக்கும். அதற்கு எக்ஸ்ட்ராக்டில் பாதியைத் தொடக்கத்திலும் பாதியைக் கடைசி 15 நிமிடத்திலும் சேர்த்தால் போதும். திரவ எக்ஸ்ட்ராக்ட் தேன்போல நேராக அடியில் போய்த் தங்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தூக்கி வேறிடத்தில் வைத்து, அடிவரை கிண்டி முழுக்கக் கரைந்த பிறகே திரும்ப ஏற்றுங்கள்.

கொதி மந்தமாக இருக்கிறதென்று மூடியை முழுக்கப் போடக்கூடாது. வேகவைத்த சோள வாசனை தருகிற சேர்மம் ஆவியோடு வெளியேற வேண்டும். கொதி வரும்வரை மூடலாம், பிறகு முக்கால்வாசி திறந்தே இருக்கட்டும். இரண்டு வளையங்களின் மேல் ஒரே பாத்திரத்தைக் குறுக்கே வைக்கிறவர்களும் உண்டு. இரண்டையும் இணைக்கும் வளையம் இல்லாத அடுப்பில் அதைச் செய்யாதீர்கள், நடுவிலுள்ள கண்ணாடி அந்தச் சூட்டுக்கானது அல்ல.

பைமாஷ்:
எக்ஸ்ட்ராக்ட் இல்லாமல் தானியத்திலிருந்தே காய்ச்ச விரும்புகிறவர்களுக்கும் அதே 20 லிட்டர் பாத்திரம் போதும், அளவை 10 லிட்டர் பீராகக் குறைத்தால். 15 லிட்டர் தண்ணீர், 2.3 கிலோ உடைத்த மால்ட், துணிப்பை. மால்ட் இறங்கியதும் மட்டம் 16.5 லிட்டருக்கு ஏறும், கிண்ட இடம் இருக்கும். பையைப் பிழிந்து எடுத்தால் 13.5 லிட்டர் மிஞ்சும், ஒரு மணி நேரக் கொதியில் சுமார் 11 ஆகும், அடியில் படிகிற கசடு போக 10. மாஷ் நேரத்தில், அதாவது மால்ட் சுடுநீரில் ஊறும்போது, மறுபடி சூடேற்ற வேண்டியிருந்தால் பைக்கு அடியில் ஒரு ஸ்டீல் தட்டு வையுங்கள், இல்லாவிட்டால் துணி கருகும்.

அடியில் குழாய் வைத்த பாத்திரத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். இந்த அளவை இருவர் தூக்கலாம், குழாய் நீட்டிக்கொண்டு பக்கத்து வளையத்தை மறைக்கும். அந்தக் காசை அடிக்கனத்தில் போடுங்கள். ஆனால் வாங்குவதற்கு முன் சிங்க்கையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். 28 செ.மீ. பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் தண்ணீர் நிற்க இடமிருந்தால் வோர்ட்டை ஆறவைக்கத் தனிக் கூலர் வாங்கத் தேவையில்லை.