மறுமொழி: மேடை ரிக்கிங் தொழிலுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

> 'மேடை அமைப்பு' என்றே வைத்துக்கொண்டால் என்ன? எல்லாருக்கும் புரியுமே.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் மேடை அமைப்பாளர் என்றால் பந்தல்காரர்; திருவிழாவில் வள்ளித் திருமணம் நாடகத்துக்கு மேடை போட்டுத் திரை கட்டித் தருபவர். நாம் பெயர் தேடுவது, விளக்கு, ஸ்பீக்கர், எல்இடி திரை எல்லாவற்றையும் ஆட்களின் தலைக்கு மேலே தொங்கவிடுகிறவருக்கு. அந்தப் பொறுப்பு சொல்லில் தெரிய வேண்டும்.

மற்றச் சொற்களைப் பார்த்தால், 'தூக்குக்கட்டு' வேண்டாம். எந்தப் பையனும் அதைத் தன் தொழிலென்று வீட்டில் சொல்ல மாட்டான். 'கலாசி' எனக்கு மிகவும் பிடித்த சொல். கயிறும் கப்பியும் கொண்டு பெரும் பாரத்தை நகர்த்துபவர்கள் அவர்கள். ஆனால் ரயில்வேயில் அது உதவியாளர் வேலையின் பெயராகவே நின்றுவிட்டது. கணக்குத் தெரிந்தவர் என்ற பொருள் அதில் வராது.

இந்தத் தொழிலே கணக்குதான். இரண்டு உத்திரங்களிலிருந்து சம நீளத்தில் இரண்டு ஸ்லிங் (பாரம் தாங்கும் வடம்) இறக்கி, நடுவில் சேர்த்து 500 கிலோவைத் தொங்கவிடுகிறோம் என்று வையுங்கள். இரண்டுக்கும் இடையே 60 பாகைக் கோணம் என்றால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 289 கிலோ இழுவை. 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொன்றிலும் முழு 500. எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை! இது தெரியாதவரை மேலே ஏற்றக் கூடாது. அமெரிக்காவில் 2005 முதல் ஈடிசிபி என்ற, நிகழ்ச்சித் தொழில்நுட்பர்களுக்கான சான்றிதழுக்குத் தேர்வே வைக்கிறார்கள்; பெரிய உள்ளரங்குக்குத் தனி, நாடக அரங்குக்குத் தனி.

ஆகவே என் முன்மொழிவு: பாரக்கட்டு, பாரக்கட்டாளர். 'பாரந்தூக்கி' ஏற்கெனவே புழங்குவதால் காதுக்குப் புதிதாக இராது. அப்புறம் மேல்கட்டாளர், கீழ்க்கட்டாளர் என்று பிரிக்கலாம், வேலையும் அப்படித்தான் பிரிகிறது. பெரும்பாலும் பாரம் தூக்கும் சங்கிலி மோட்டார், விளக்குகளை மாட்டும் டிரஸ் என்ற உலோகச் சட்டத்தோடு கீழே இருக்கும். சங்கிலியும் கொக்கியும்தான் மேலே போகும். உத்திரத்தில் இருப்பவர் கயிறு இறக்குவார், கீழே நிற்பவர் சங்கிலியை அதில் கட்டிவிடுவார், கையால் மேலே இழுத்து ஷேக்கில் என்ற இரும்பு வளையத்தில் மாட்டுவார்கள். பிறகு மோட்டார் தன் சங்கிலியைப் பிடித்துத் தானே ஏறும், டிரஸ்ஸையும் தூக்கிக்கொண்டு.

பாம்பனிலும் தொண்டியிலும் பாய்மரம் ஏற்றிப் பழகிய பையன்களுக்குக் கயிறு கைவந்தது. லாரியிலிருந்து டிரஸ் இறக்குவது, போல்ட் முடுக்குவது, அப்புறம் கீழ்க்கட்டு, அதன்பின் மேல்கட்டு என்று படிப்படியாக ஏறலாம். இடையில் கோணக் கணக்கும், இடுப்போடு நில்லாமல் தோளையும் தொடையையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட்டைச் சரியாக மாட்டுவதும் யாராவது தமிழில் சொல்லித்தர வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சொற்களுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

மேலே சொன்ன இரட்டை ஸ்லிங் அமைப்பை ஆங்கிலத்தில் பிரைடில் என்கிறார்கள். கவட்டை வடிவில் இருப்பதால் 'கவைக்கட்டு' என்று யோசிக்கிறேன். கடல் தொழிலில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து